எல்லைக்கோட்டை வரைவது யார்? இரட்டைமலை சீனிவாசனின் வாழ்வும் பழனி மலையின் தொகுதி வரைபடமும்

பழனி சட்டமன்றத் தொகுதி 2006 தேர்தல் வரை பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியாக இருந்தது. 2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறைக்குப் பின் அது பொதுத்தொகுதி ஆயிற்று. பழனி மலையின் தெற்கு அடிவாரத்திலுள்ள பெரியகுளம் அதுவரை பொதுத்தொகுதி. அதே 2008இல் அது தனித்தொகுதி ஆயிற்று. கிழக்கே நிலக்கோட்டை முன்பும் தனித்தொகுதி, இன்றும் தனித்தொகுதி. மலைமீதுள்ள கொடைக்கானல் வட்டம் இன்று பழனித் தொகுதியில் இருக்கிறது.

இந்த மாற்றத்திற்காக எந்தச் சேரியும் ஓரிடம் விட்டு ஓரிடம் நகரவில்லை. மாறியது காகிதத்தில் இருந்த கோடு மட்டுமே. ஆனால் அந்தக் கோடுதான் யார் வேட்பாளராக நிற்கலாம், யாருடைய வாக்கு யாருடைய வாக்கோடு சேர்த்து எண்ணப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. கோட்டை வரையும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அங்கே ஒடுக்கப்பட்டோருக்கு இடமுண்டா என்ற கேள்வியைத் தமிழ் மண்ணிலிருந்து இலண்டன் வரை எடுத்துச் சென்றவர் இரட்டைமலை சீனிவாசன். அடுத்த மறுவரையறை குறித்த விவாதம் சூடுபிடித்திருக்கும் இவ்வேளையில் அவருடைய வாழ்வை இந்தக் கோணத்திலிருந்து மீண்டும் வாசிப்பது அவசியமாகிறது.

மலை நகரத்தில் ஒரு கணக்கர்

செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளம் கிராமத்தில் 1859 ஜூலை 7 அன்று சீனிவாசன் பிறந்தார். தந்தையின் பெயர் இரட்டைமலை. சாதிக் கொடுமை அந்தக் குடும்பத்தை ஊர் ஊராக நகர்த்தியது. அவர் கோயம்புத்தூரில் படித்த காலத்தில் பள்ளியில் ஏறக்குறைய நானூறு மாணவர்கள் இருந்தனர். பத்துப் பேர் தவிர மற்ற அனைவரும் பார்ப்பனர்கள். தன் சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் சக மாணவர்களோடு விளையாடாமலே ஒதுங்கியிருந்ததைப் பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். எண்ணிக்கையில் சிறுபான்மையாக நிற்பவன் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறான் என்னும் அரசியல் பாடத்தை அவர் முதலில் கற்றது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

படிப்புக்குப் பின் அவர் உதகமண்டலத்தில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அந்த மலை நகரத்தில் கழிந்தன. உதகையும் கொடைக்கானலும் ஒரே வார்ப்பில் எழுந்த ஊர்கள். கொடைக்கானலில் 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்கள் முதல் வீடுகளைக் கட்டினர். சமவெளியின் வெப்பத்திலிருந்து தப்ப வந்த வெள்ளையர்களை நாற்காலியிலும் டோலியிலும் வைத்து மலையேற்றியவர்கள் கூலித் தொழிலாளர்கள். தோட்டங்களிலும் சாலைகளிலும் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரும் மலையின் பூர்வகுடிகளும். இந்த ஊர்கள் யாருடைய உழைப்பில் எழுந்தனவோ அவர்களுக்கு ஊரின் நிர்வாகத்தில் குரல் இல்லை.

கையொப்பங்களின் நீளம்

1890இல் சீனிவாசன் சென்னைக்கு வந்தார். பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் பறையன் என்ற பெயரிலேயே இதழைத் தொடங்கினார். இழிசொல்லாக வீசப்பட்ட பெயரை இதழின் தலைப்பாக்கியது அன்றைய நிலையில் பெருந்துணிவு. அவருடைய சகோதரியின் கணவரான அயோத்திதாசப் பண்டிதர் சாதிப் பெயரை விடுத்துப் பூர்வத் தமிழர், பௌத்தர் என்ற அடையாளத்தை முன்னெடுத்தார். இருவரின் பாதைகளும் வேறு, நோக்கம் ஒன்று.

அவ்வாண்டு காங்கிரஸ் ஒரு கோரிக்கையை வலுவாக எழுப்பியது. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இலண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது அக்கோரிக்கை. மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமானதே. ஆனால் அன்றைய கல்விநிலையில் இதன் பயன் யாருக்குப் போய்ச் சேரும் என்று சீனிவாசன் கேட்டார். ஆட்சியில் அமரும் இந்தியர் என்றால் கிராமத்தில் தங்களை ஒடுக்கும் அதே சாதியினர்தாமே என்பது அவருடைய வாதம். 3412 பேரின் கையொப்பங்களோடு, 112 அடி நீளமுள்ள எதிர்மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டது.

இந்த மனுவைக் காலனி ஆட்சிக்கான ஆதரவு என்று சுருக்குவோர் இன்றும் உண்டு. அந்த வாசிப்பு மேலோட்டமானது. இரு பெரும் தரப்புகள் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளப் பேசும்போது, அந்தப் பேச்சில் இடமில்லாத மூன்றாவது தரப்பு தன் இருப்பை எண்ணிக்கையாகக் காட்டிய நிகழ்வு அது. வாக்குரிமை இல்லாத மக்களின் கையில் இருந்த ஒரே வாக்குச்சீட்டு அந்தக் கையொப்பம்தான்.

1900இல் அவர் நாட்டைவிட்டுக் கிளம்பினார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பினார். அவர் இல்லாத காலத்தில் சென்னை மாகாணத்தின் அரசியல் முற்றிலும் மாறியிருந்தது.

இருதரப்பு நியாயமும் அதற்கு வெளியே நின்றவர்களும்

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னைச் சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடக்கவிருந்தபோது பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார் ஆகிய இரு தரப்புக்கும் இடையே இடப்பங்கீடு பெரும் சிக்கலாயிற்று. 1920இல் மெஸ்டன் பிரபு அளித்த தீர்ப்பு, பொதுத்தொகுதிகளில் 28 இடங்களைப் பார்ப்பனரல்லாதாருக்கு ஒதுக்கியது. பல உறுப்பினர் தொகுதிகளில் இந்த ஒதுக்கீடு செயல்பட்டது. தேர்தல் வரைபடத்தில் இரு தரப்பும் ஏற்கத்தக்க நியாயம் காண முயன்ற முக்கியமான ஏற்பாடு இது.

தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு அந்த ஏற்பாட்டில் கிடைத்தது நியமனம். அரசு விரும்பும் சிலரை அரசே உறுப்பினராக நியமிக்கும். தொகுதி இல்லை, வாக்காளர் இல்லை, எல்லைக்கோடும் இல்லை. எம்.சி.ராஜா அவ்வாறே உறுப்பினரானார். 1923இல் சீனிவாசனும் நியமிக்கப்பட்டார்.

நியமன இருக்கையில் அமர்ந்துகொண்டே அவர் செய்த பணி அளப்பரியது. 1924 ஆகஸ்டில் அவர் முன்மொழிந்த தீர்மானம் பொதுச்சாலை, தெரு, பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகிய எதிலும் எந்த வகுப்பினரும் செல்வதற்குத் தடை இல்லை என்பதை அரசின் கொள்கையாக்கக் கோரியது. மன்றம் அதை ஏற்றது. அரசு அதை அறிவித்தது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. ஆயினும் தீர்மானம் ஊருக்குள் நுழையவில்லை. தடுப்பவரைத் தட்டிக்கேட்கும் அதிகாரிகளும் ஊர்த்தலைவர்களும் தடுப்பவரின் சாதியினராகவே இருந்தார்கள். சட்டத்தை எழுதினால் போதாது, அதைச் செயல்படுத்தும் அதிகாரத்தில் பங்கு வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்ததன் பின்னணி இதுவே.

இலண்டனில் இருவர்

1930-31இல் நடந்த முதல் இரு வட்டமேசை மாநாடுகளுக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதிகளாக அழைக்கப்பட்டவர்கள் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும். அம்பேத்கருக்கு அப்போது வயது 39, சீனிவாசனுக்கு 71. மாநாட்டுக்குச் சென்றபோது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரிடம் தீண்டாமை என்றால் என்ன என்பதைச் சீனிவாசன் நேரில் விளக்கினார்.

இருவரும் இணைந்து சிறுபான்மையினர் துணைக்குழுவிடம் அளித்த பாதுகாப்புத் திட்டத்தைச் சட்டம் பயில்வோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை, முதல் பத்தாண்டுகளுக்குத் தனி வாக்காளர் தொகுதி, அதன்பின் இட ஒதுக்கீட்டுடன் கூடிய கூட்டு வாக்காளர் தொகுதி என்று அது படிநிலையாகக் கோரியது. வயது வந்தோர் வாக்குரிமை இல்லாமல் கூட்டுத்தொகுதியைத் தாழ்த்தப்பட்டோரின் விருப்பத்திற்கு மாறாகத் திணிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அன்றைய வாக்குரிமை சொத்தையும் வரியையும் சார்ந்திருந்தது. நிலமற்றவருக்கு வாக்கே இல்லாதபோது கூட்டுத்தொகுதியில் அவருடைய பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பவர் நிலவுடைமையாளரே. இந்தக் கணக்கு தெளிவாகப் புரிந்தவர்கள் எழுதிய ஆவணம் அது.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு இரு வாக்குகள்: பொதுத்தொகுதியில் ஒன்று, தங்களுக்கான சிறப்புத் தொகுதியில் ஒன்று. அந்தச் சிறப்புத் தொகுதிகள் தாழ்த்தப்பட்டோர் மிகுதியாக வாழும் பகுதிகளில் மட்டுமே அமையும்; சென்னை மாகாணம் தவிர வேறெங்கும் அவை மாகாணம் முழுவதையும் தழுவக் கூடாது. இந்த விதிவிலக்கு கவனத்திற்குரியது. செங்கற்பட்டின் சேரியிலிருந்து பழனி மலையடிவாரத்துச் சேரி வரை எல்லோருடைய வாக்கையும் தழுவும் சிறப்புத் தொகுதிகளுக்கு வாய்ப்பிருந்த ஒரே மாகாணம் நம்முடையது.

அந்த வரைபடம் வரையப்படவே இல்லை. காந்தியார் ஏரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு இருந்தார். முன்னரே கூட்டுத்தொகுதியை ஏற்று இந்து மகாசபையின் மூஞ்சேயுடன் எம்.சி.ராஜா உடன்பாடு செய்திருந்தார். இது மறுதரப்பின் வாதத்திற்கு வலுச் சேர்த்தது. 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கர், ராஜா, சீனிவாசன் ஆகிய மூவரின் கையொப்பமும் அதில் உண்டு. மாகாண சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. சென்னைக்குத் தீர்ப்பில் 18 இடங்கள் இருந்தன. ஒப்பந்தத்தில் அது 30 ஆயிற்று.

எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் உரிமை சுருங்கியது. ஒதுக்கப்பட்ட இடத்திற்கு நால்வர் கொண்ட பட்டியலைத் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் முதல்நிலைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். தம் மக்களிடம் முதலிடம் பெற்றவர் இறுதித் தேர்தலில் தோற்கலாம். நான்காம் இடம் பெற்றவர் வெல்லலாம்.

1935ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் லாரி ஹாமண்ட் தலைமையிலான தொகுதி வரையறைக் குழு இந்த உடன்பாட்டை நிலத்தின்மீது கோடுகளாக வரைந்தது. சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் பட்டியல் சாதியினருக்கான 30 இடங்கள் பொது உறுப்பினர் இடங்களோடு இணைத்தே அமைக்கப்பட்டன. 1937இல் தேர்தல் நடந்தது.

அம்பேத்கருடன் அனைத்திலும் சீனிவாசன் உடன்படவில்லை. 1935இல் மதமாற்ற அறிவிப்பு வந்தபோது, நாம் இந்து மதத்திற்குள்ளேயே இல்லை, எனவே வெளியேறும் தேவையும் இல்லை என்ற நிலைப்பாட்டை அவர் எடுத்தார். அரசியல் உரிமையில் இருவரும் ஒரே பக்கம் நின்றனர். 1945 செப்டம்பர் 18 அன்று, 86 வயதில் அவர் மறைந்தார். அடுத்த சில மாதங்களில் நடந்த தேர்தலில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் வேட்பாளர்கள் முதல்நிலையில் தம் மக்களின் ஆதரவைப் பெற்றும் இறுதிநிலையில் காங்கிரஸ் வேட்பாளர்களிடம் தோற்றனர். 1931இல் இருவரும் எச்சரித்தது அப்படியே நடந்தேறியது.

இரட்டை உறுப்பினரிலிருந்து தனித்தொகுதிக்கு

சுதந்திரத்திற்குப் பின் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. தனி வாக்காளர் தொகுதி முற்றிலும் கைவிடப்பட்டது. 1952, 1957 தேர்தல்களில் ஒதுக்கப்பட்ட இடங்கள் பெரும்பாலும் இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் இருந்தன. ஒரே தொகுதியில் ஒரு பொது உறுப்பினரும் ஓர் ஒதுக்கீட்டு உறுப்பினரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் வி.வி.கிரி தோற்றார், இரு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றனர். அதிக வாக்குப் பெற்ற பழங்குடி வேட்பாளர் பொது இடத்தையும் பெறலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1959இல் நீதிமன்றம் பழங்குடி வேட்பாளரின் வெற்றியை உறுதி செய்தது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டன. பெரிய தொகுதிகளின் நிர்வாகச் சிரமம் காரணமாகச் சொல்லப்பட்டது. பார்வதிபுரத்தின் முடிவும் அந்தச் சட்டமும் இரண்டே ஆண்டு இடைவெளியில் அடுத்தடுத்து நிற்பதை வரலாறு படிப்போர் கவனிக்கத் தவறுவதில்லை.

அதன்பின் ஒவ்வொரு தொகுதியும் ஒன்று பொது அல்லது தனி என்றாயிற்று. எது தனி என்று முடிவு செய்வது மறுவரையறை ஆணையம். மத்தியப் பிரதேசத்தின் உஜ்ஜைன் தொகுதி தனித்தொகுதியானதை எதிர்த்து மேக்ராஜ் கோத்தாரி தொடுத்த வழக்கில், ஆணையத்தின் ஆணையை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசமைப்பின் 329ஆம் உறுப்பு அதற்கு அடிப்படை. 2024இல் குஜராத்தின் பர்தோலி தொகுதி குறித்த வழக்கில் அந்தக் கதவு சற்றே திறந்தது: ஆணை வெளிப்படையாகத் தன்னிச்சையானதாகவும் அரசமைப்பு விழுமியங்களுக்குப் பொருந்தாததாகவும் இருந்தால் நீதிமன்றம் அதை ஆராயலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நம்மைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு இது முக்கியமான கருவி.

பழனி மலையின் வரைபடத்தை வாசிப்பது எப்படி

2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இரண்டு அளவுகோல்களைச் சொல்கிறது. பட்டியல் சாதியினருக்கான தொகுதிகள் மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் பரவியிருக்க வேண்டும். இயன்றவரை அவர்களுடைய மக்கள்தொகை விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமாக உள்ள பகுதிகளில் அமைய வேண்டும். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, மாவட்டந்தோறும் தனித்தொகுதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, மாவட்டத்திற்குள் விகிதம் அதிகமுள்ள தொகுதிகளைத் தேர்ந்தெடுத்தது. திண்டுக்கல் மாவட்டத்தின் ஏழு தொகுதிகளில் முன்பு பழனி, நிலக்கோட்டை ஆகிய இரண்டும் தனி. இப்போது நிலக்கோட்டை மட்டும். தேனி மாவட்டத்தில் பெரியகுளம் புதிதாகத் தனித்தொகுதியாயிற்று. தமிழ்நாட்டில் பட்டியல் சாதித் தொகுதிகள் 42இலிருந்து 44 ஆயின. பழங்குடித் தொகுதிகள் மூன்றிலிருந்து இரண்டாயின.

மாநில அளவில் இந்தக் கணக்கு நேர்த்தியானது. மலையில் நின்று பார்க்கும்போதுதான் கேள்விகள் எழுகின்றன.

முதலாவது, விகிதத்தைக் கணக்கிடுவதற்கு முன்பே தொகுதியின் எல்லை வரையப்பட்டுவிடுகிறது. எந்தக் கிராமங்களைச் சேர்ப்பது, எவற்றைப் பிரிப்பது என்பதில்தான் விகிதமே உருவாகிறது. அதே சட்டம் நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. கொடைக்கானலின் நெடுங்காலச் சாலை வத்தலக்குண்டுக்கு இறங்குகிறது. வத்தலக்குண்டு நிலக்கோட்டைத் தொகுதியில் உள்ளது. மற்றொரு மலைச்சாலை பழனிக்கு இறங்குகிறது. எந்தச் சாலையை வரைபடம் பின்பற்ற வேண்டும் என்று வாதிட இரு பக்கமும் இடமுண்டு. அந்த வாதத்தில் தாண்டிக்குடியின் தோட்டத் தொழிலாளியோ பண்ணைக்காட்டின் நிலமற்றவரோ கேட்கப்பட்டார்களா என்பதே நம் கேள்வி.

இரண்டாவது, பழனி மலையின் பளியர்கள் பட்டியல் பழங்குடியினர். தமிழ்நாட்டின் இரு பழங்குடித் தொகுதிகளும் ஏற்காடு, சேந்தமங்கலம் என்று வடமேற்கில் இருக்கின்றன. சிறு குடியிருப்புகளாகச் சிதறி வாழும் மக்களுக்கு விகித அளவுகோல் எந்நாளும் ஒரு தொகுதியைத் தராது. 1932இல் சென்னை மாகாணத்திற்கு மட்டும் இருந்த, நிலம் முழுவதையும் தழுவும் தொகுதி என்ற கருத்தின் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

மூன்றாவது, தனித்தொகுதியிலும் பட்டியல் சாதி வாக்காளர்கள் பெரும்பாலும் சிறுபான்மையினரே. மாநில மக்கள்தொகையில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. எனவே ஏறக்குறைய எந்தத் தொகுதியிலும் பாதியை எட்டுவதில்லை. வேட்பாளரைக் கட்சி தேர்ந்தெடுக்கிறது, வெற்றியைப் பிற வாக்காளர்கள் தீர்மானிக்கிறார்கள். பூனா ஒப்பந்தத்தில் முதல்நிலைத் தேர்தலாவது இருந்தது; இன்று அதுவும் இல்லை.

மறுவரையறை ஆணையத்தோடு துணை உறுப்பினர்களாக ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் அமர்கிறார்கள். கட்சிகளின் பலத்திற்கேற்ப அவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் இடையே ஒருவகைச் சமநிலையை இது உறுதி செய்யலாம். ஆனால் இரு கட்சிகளுக்கும் வசதியான கோடு சேரிக்கும் நியாயமான கோடாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. 1920இன் மெஸ்டன் தீர்ப்பு நமக்குக் கற்பித்தது இதையே.

இன்றைய பணி

2025 மார்ச்சில் சென்னையில் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டம் தமிழ்நாட்டின் மக்களவை இடங்கள் குறையக் கூடாது என்று வலியுறுத்தியது. அந்தக் கோரிக்கை நியாயமானது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது. ஆனால் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே நியாயம் கேட்கும் அதே குரல், மாநிலத்திற்குள் ஊருக்கும் சேரிக்கும் இடையே நியாயம் கேட்கும்போது தணிந்துவிடக் கூடாது. எத்தனை இடங்கள் என்ற விவாதம் முடிந்தபின், எந்த இடங்கள் என்ற விவாதம் மூடிய அறைக்குள் நடக்கும்.

மறுவரையறைச் சட்டம் அறைக்கு ஒரு சன்னல் வைத்திருக்கிறது. ஆணையம் தன் வரைவை அரசிதழில் வெளியிட வேண்டும். துணை உறுப்பினர்கள் மாற்றுக்கருத்து தெரிவித்து விரும்பினால் அதையும் சேர்த்து வெளியிட வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குள் ஆட்சேபணைகளைப் பெற வேண்டும். பொது விசாரணை நடத்த வேண்டும். அந்த விசாரணைக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. ஊராட்சி வாரியாகப் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்தொகை, சேரிகள் எந்தத் தொகுதிக்குள் வருகின்றன, எங்கே ஒரே குடியிருப்புத் தொகுப்பு இரண்டு தொகுதிகளாகப் பிரிகிறது, மக்கள் எந்தச் சாலையில் சென்று எந்த அலுவலகத்தை அடைகிறார்கள் ஆகிய விவரங்களைக் கல்லூரி மாணவர்கள் இப்போதே திரட்டத் தொடங்கலாம். மாற்று வரைபடம் கையில் இருந்தால் ஆட்சேபணைக்கு எடை கூடும். நாளை நீதிமன்றம் செல்ல நேர்ந்தால் அதுவே சான்றாகும்.

வாக்குரிமையே இல்லாத காலத்தில் இரட்டைமலை சீனிவாசன் 3412 கையொப்பங்களைத் திரட்டினார். வாக்கு, கல்வி, சட்டம் மூன்றும் கையிலிருக்கும் தலைமுறை அடுத்த வரைபடம் வரையப்படும் நாளில் அதைவிடக் குறைவாகச் செய்தால், அதற்குக் காலத்தைக் குறை சொல்ல முடியாது.